கீழ்பவானி கடைமடையிலிருந்து: பவானி வடிநிலத் திட்டத்துக்கு நாங்கள் என்ன எழுதிக் கொடுப்பது?

கேள்வி: கடைமடை விவசாயி

வணக்கங்க. பவானிசாகர் அணையிலிருந்து வரும் கீழ்பவானி வாய்க்காலில் பிரியும் சென்னசமுத்திரம் பகிர்மான வாய்க்காலின் கடைசிப் பக்கம் எங்களுக்கு நாலு ஏக்கர். பவானி வடிநிலம் (ஆற்றுக்குத் தண்ணீர் வந்து சேரும் பரப்பு) முழுவதற்கும் சேர்த்துப் போடும் திட்டத்தில் நீர்ப் பங்கீடு எப்படி இருக்க வேண்டும் என்று எங்கள் பாசன சபையில் ஒரு கருத்துரை தயார் செய்கிறோம். எழுதும் பொறுப்பு என்னிடம் வந்திருக்கிறது.

சபையில் பெரும்பாலோர் சொல்வது, வாய்க்காலுக்குக் கான்கிரீட் போட்டால் கடைமடைக்குத் தண்ணீர் வந்துவிடும் என்பதுதான். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். அணை திறந்து பதினெட்டு நாள் கழித்து எங்கள் மதகுக்குத் தண்ணீர் வந்த வருஷம் உண்டு. நாற்றங்காலிலேயே நாற்று முற்றிப்போய், மறுபடி விதை விட்டோம்.

ஆனால் என் மாமனார் ஊர் பெருந்துறைப் பக்கம், வாய்க்கால் ஓரத்திலேயே. "கான்கிரீட் போட்டா எங்க கிணறு செத்துருங்க மாப்ளே" என்கிறார். அவர் சொல்வதும் பொய்யில்லை. இரண்டையும் வைத்துக்கொண்டு என்ன எழுதுவது?

பதில் 1: கிணற்றுப் பாசனக்காரி

உங்கள் மாமனார் சொல்வது எங்கள் வீட்டுக் கதைங்க. வாய்க்காலில் தண்ணீர் வந்து பத்து நாளில் எங்கள் கிணற்றில் நாலு படி ஏறிவிடும். அதை நம்பித்தான் மஞ்சளும் தென்னையும் வைத்திருக்கிறோம், மாட்டுக்குத் தண்ணீரும் அதுதான். 2023இல் கான்கிரீட் வேண்டாம் என்று போராடியபோது நானும் பந்தலில் போய் உட்கார்ந்தேன். கடைமடைக்காரர்களை எதிரியாக நினைத்து அல்ல. எங்கள் கிணற்றைக் கணக்கில் சேர்க்காமல் யாரும் முடிவெடுக்கக் கூடாது, அவ்வளவுதான்.

பதில் 2: ஓய்வு பெற்ற பாசனப் பொறியாளர்

தம்பி, இந்த வாய்க்கால் கரையில் பல வருஷம் கேஜ் (நீர்மட்ட அளவுகோல்) பார்த்தவன் நான். கான்கிரீட்டா மண்ணா என்று உங்கள் கருத்துரையை ஆரம்பிக்காதீர்கள். வரவு செலவில் ஆரம்பியுங்கள்.

பவானிசாகரின் கொள்ளளவு 32.8 டிஎம்சி (ஒரு டிஎம்சி என்பது நூறு கோடி கனஅடி). முதல் போகத்துக்கு 1,03,500 ஏக்கர், 24 டிஎம்சி. ஆகஸ்ட் 15 முதல் 120 நாள், விநாடிக்கு 2,300 கனஅடி என்று பெருக்கிப் பாருங்கள், ஏறக்குறைய அந்த 24தான் வரும். மிச்சம் என்று எதுவும் இல்லாத கணக்கு இது. மேலே ஒரு மதகில் கூடுதலாக இழுத்தால் 200 கிலோமீட்டர் தாண்டி இருக்கும் உங்கள் வயலில்தான் அது தெரியும். இரண்டாம் போகத்தில் மீதி 1,03,500 ஏக்கர் புஞ்சைக்கு 12 டிஎம்சி, விட்டு விட்டு நனைப்பு முறையில்.

இது நம் ஆயக்கட்டு, அதாவது கீழ்பவானி வாய்க்கால் பாயும் நிலம் மட்டும். அணைக்குக் கீழே கொடிவேரி அணைக்கட்டில் பிரியும் தடப்பள்ளி, அரக்கன்கோட்டை வாய்க்கால்கள், அதற்கும் கீழே காளிங்கராயன், மூன்றும் சேர்ந்து சுமார் 40,000 ஏக்கர். 1955இல் நம் அணை கட்டி முடிவதற்கு வெகுகாலம் முன்பே அவர்களுக்கு உரிமை உண்டு. மேலே பில்லூர் அணையிலிருந்து கோவைக்குக் குடிநீர் போகிறது. காவிரி நடுவர் மன்றம் பவானியில் கேரளத்துக்கு 6 டிஎம்சி ஒதுக்கியிருக்கிறது. கடைசியாக, காளிங்கராயன் அணைக்கட்டுக்குக் கீழே உபரி நீரை எடுக்கும் அத்திக்கடவு–அவிநாசி திட்டம்: 70 நாள், 250 கனஅடி, அதாவது 1.5 டிஎம்சி, 1,045 குளம் குட்டைகளுக்கு. 2024 ஆகஸ்டில்தான் தொடங்கியது. இத்தனை பேரும் ஒரே ஆற்றின் பங்காளிகள்.

இப்போது கசிவுக்கு வருகிறேன். நம் வாய்க்கால் மேட்டில் போகிறது, ஆறு பள்ளத்தில் ஓடுகிறது. நடுவில் கசிகிற தண்ணீர் எங்கும் தொலைந்துபோவதில்லை. கிணற்றில் ஏறுகிறது, ஓடையில் இறங்குகிறது. ஈரோட்டுப் பெரும்பள்ளம் ஓடையைப் பாருங்கள், அதில் வருவதில் நம் கசிவும் உண்டு. ஆகவே கான்கிரீட் போட்டு "மிச்சப்படுத்திய" தண்ணீரில் ஒரு பகுதி, வேறொருவர் ஏற்கெனவே இறைத்துக்கொண்டிருப்பதுதான். கிணறு வற்றியவர் சும்மா இருப்பாரா? போர் போடுவார், இல்லாவிட்டால் வாய்க்காலிலேயே குழாயைப் போடுவார். அப்போது உங்களுக்கு வந்த தண்ணீர் திரும்பவும் குறையும்.

அதற்காகக் கரையை அப்படியே விட்டுவிடச் சொல்லவில்லை. பழுதான மதகு, கரை பலவீனமான இடம், ஓடைக்கு மேல் வாய்க்கால் தாண்டும் பழைய கட்டுமானம், இவற்றைச் சரிசெய்யாமல் கடைமடைக்கு நியாயம் கிடைக்காது. எங்கே எவ்வளவு இழப்பு என்று பகுதி பகுதியாக அளந்த பிறகு எந்த இடத்தில் என்ன வேலை என்று முடிவு செய்யட்டும். திட்டத்துக்கு முதல் கோரிக்கையாக இதை எழுதுங்கள்.

உங்கள் சபை இன்றே செய்யக்கூடியதும் ஒன்று இருக்கிறது. தண்ணீர் திறக்கும் முன்பும், நிறுத்திய பிறகும், வாய்க்கால் நெடுக இருபது கிணறுகளில் கயிறு விட்டு ஆழம் குறித்து வையுங்கள். உங்கள் மதகுக்குத் தண்ணீர் வந்த நாள், நேரம், அன்றைக்குத் தலைப்பில் எத்தனை கனஅடி விட்டார்கள் என்பதையும் எழுதுங்கள். லஸ்கரை (மதகு பார்க்கும் பணியாளரை) கேட்டால் சொல்வார். மூன்று வருஷ நோட்டு கையில் இருந்தால் எந்தக் கூட்டத்திலும் உங்கள் பேச்சுக்கு மதிப்பு இருக்கும்.

பதில் 3: காளிங்கராயன் பாசனக்காரர்

ஐயா சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். எங்களுக்குத் தண்ணீரின் அளவு மட்டும் பிரச்சினை இல்லை. ஓடைகளில் சாயக்கழிவும் சாக்கடையும் வந்து, அவற்றைப் பிரிக்க எங்கள் வாய்க்காலுக்குப் பக்கத்திலேயே கழிவு மட்டும் போக ஒரு சின்ன 'பேபி வாய்க்கால்' வெட்ட வேண்டி வந்தது. ஓடையில் நல்ல தண்ணீர் குறைந்தால் மீதி வருவது கழிவு மட்டும்தான். திட்டத்தில் டிஎம்சிக்குப் பக்கத்தில் தண்ணீரின் தரத்துக்கும் ஒரு பத்தி வேண்டும் அண்ணா, தயவுசெய்து மறக்காதீர்கள்.

கேள்வி கேட்டவர்

எல்லோருக்கும் நன்றிங்க. கான்கிரீட் வரியை அடித்துவிட்டேன். முதல் பக்கத்தில் வரவு செலவு, அப்புறம் பகுதி வாரியாக அளவீடு, மதகு மராமத்து, ஓடைத் தண்ணீரின் தரம் என்று எழுதியிருக்கிறேன். சபையில் இரண்டு பேருக்குக் கோபம்தான், பேசிக்கொள்கிறேன். மாமனாரிடம் போனில் சொன்னேன், அவர் கிணற்றை முதல் கிணறாகக் குறிக்கச் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை கயிறோடு போகிறேன். பதில் 1 அக்கா, உங்கள் கிணற்றையும் பட்டியலில் சேர்த்துக்கொள்ளலாமா?