இலங்கை மலையகத் தேயிலைத் தோட்டத்துச் சபைகளுக்குப் போய் வந்தவர்கள் உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

கோத்தகிரியிலிருந்து

போன ஆகஸ்டில் எங்கள் சேகரத்திலிருந்து ஒரு குழுவாக இலங்கையில் ஹட்டன் பக்கம் போனோம். மே மாதம் வி.பி.எஸ். (விடுமுறை வேதாகமப் பள்ளி) நடத்தலாம் என்று கிளம்பாதீர்கள். நமக்குத்தான் அப்போது லீவு, அங்கே பள்ளிக்கூடம் நடந்துகொண்டிருக்கும்.

நான் ஓய்வு பெற்ற கணக்கு டீச்சர். 1964 சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தத்தில் அக்கரையிலிருந்து வந்து, டான்டீயில், அதாவது தமிழ்நாடு அரசுத் தேயிலைத் தோட்டத்தில், கொழுந்து பறித்துப் பிள்ளைகளை ஆளாக்கியவர்கள் என் அப்பா அம்மா. அதனால் சபை அறிவிப்பில் 'வெளிநாட்டு ஊழியம்' என்று வாசித்தபோது சிரிப்புதான் வந்தது. லயத்து (தொழிலாளர் வரிசை வீட்டு) வாசலில் இருந்த பாட்டி என் பேரைக்கூடக் கேட்கவில்லை. "அப்பா எந்தத் தோட்டம்?" என்றார். சொன்னேன். "மேல் டிவிசனா, கீழ் டிவிசனா?" அது எனக்குத் தெரியாது. அப்பா இருந்தால் கேட்டிருக்கலாம். அதற்குள் தேங்காய் ரொட்டியும் கட்டச் சம்பலும் கைக்கு வந்துவிட்டன.

அங்கே படிப்பு பல்கலைக்கழகம் வரை இலவசம், ஆகவே ஃபீஸ் கட்ட உதவி கேட்டு யாரும் வரவில்லை. தோட்டப் பாடசாலைகளில் கணக்குக்கும் விஞ்ஞானத்துக்கும் ஆசிரியர் கிடைப்பதில்லை என்பதுதான் குறை. அந்தச் சபையின் போதகர் ஐயர் கேட்டதும் அதுதான்: தரம் 5 புலமைப்பரிசில் பிள்ளைகளுக்கும் சாதாரணதரப் பரீட்சை எழுதுகிறவர்களுக்கும் கணக்கு. தாய்மார் பிரட்டுக்கு (காலையில் வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் இடத்துக்கு) போனதும் கோயில் ஹாலில் உட்கார்ந்துவிடுவோம். ஒரு பையனின் கவராயத்தில் திருகு இல்லை, துண்டுப் பென்சிலை நூலால் சுற்றிக் கட்டியிருந்தான். வட்டம் போட்டால் ஆரம்பித்த இடத்தில் வந்து சேராது. இரண்டு தரம் அழித்தான். பிறகு கவராயத்தை அசையாமல் பிடித்துக்கொண்டு, அடியிலிருந்த தாளைச் சுற்றினான். வட்டம் சேர்ந்துவிட்டது! முப்பது வருஷம் போர்டில் வட்டம் போட்டவள் நான், எனக்கு இது தோன்றியதில்லை.

எங்களுக்கு முன்னால் வந்த ஒரு குழு டி-சர்ட் கொடுத்து, பிள்ளைகளை வரிசையில் நிறுத்திப் போட்டோ எடுத்துக்கொண்டு போயிருக்கிறது. ஐயர் அதைக் குறையாகச் சொல்லவில்லை. நான் சொல்கிறேன்.

குன்னூரிலிருந்து

அக்கா, நம்ம சபைக்கே கூரை ஒழுகுது, நமக்கெதுக்கு அயல்நாட்டு ஊழியம் என்று எங்கள் கமிட்டியில் ஒருவர் கேட்டார். 1902-இல் யாழ்ப்பாணம் போன வி.எஸ். அசரியா (பிற்காலத்தில் பேராயர் ஆனவர்), அங்கிருந்த தமிழ்க் கிறிஸ்தவர்கள் தாங்களே மிஷனரிகளை அனுப்புவதைப் பார்த்துவிட்டு வந்தார். மறு வருஷமே, 1903-இல், திருநெல்வேலியில் இந்திய மிஷனரி சங்கம் தொடங்கியது. அன்றைக்குத் திருநெல்வேலிச் சபைகளில் யார் பணக்காரர்?

பண விஷயத்தில் மட்டும் கவனம். அறக்கட்டளையாகப் பதிவான அமைப்பு இந்தியாவுக்கு வெளியே செலவழிக்கும் தொகைக்கு, மத்திய நேரடி வரிகள் வாரியம் தனியாக அனுமதித்தால் ஒழிய வருமான வரிவிலக்கு கிடையாது. நாங்கள் அவரவர் சொந்தப் பணத்தைத்தான் வங்கி வழியாக அனுப்பினோம். ரிசர்வ் வங்கி தனிநபருக்கு வைத்திருக்கும் வரம்பு வருஷத்துக்கு 2,50,000 டாலர். நம் ஆட்களுக்கு அந்த வரம்பால் ஒரு தொந்தரவும் இல்லை! சுற்றுலா விசாவில் போய்ப் பிரசங்க மேடை ஏறவும் வேண்டாம். அந்தச் சபைக்குத்தான் பிறகு தலைவலி.

கூடலூரிலிருந்து

நாங்கள் போனது அறுப்பின் பண்டிகை நேரம். ஆராதனை முடிந்து ஏலம். லீக்ஸ், கேரட், ஒரு பெரிய பூசணி. எங்கள் குழுவில் ஒரு தம்பி, உற்சாகமான ஆள், பூசணிக்கு எடுத்த எடுப்பில் ஐயாயிரம் ரூபாய் கேட்டுவிட்டான். 2021-இல்தான் அங்கே நாள் சம்பளம் ஆயிரம் ரூபாய் என்று நிர்ணயித்தார்கள். அதற்குமேல் யார் கேட்பார்கள்? அடுத்த பொருளுக்கும் யாரும் வாய் திறக்கவில்லை. வருஷா வருஷம் கேலியும் கூச்சலுமாக ஒருவரை ஒருவர் ஏற்றிவிட்டு எடுக்கிற ஏலமாம் அது.

மூப்பர் ஒருவர் எழுந்தார். "விருந்தாளிகள் சாப்பிடத்தான் வந்திருக்காங்க, ஏலம் நம்ம வீட்டுக் காரியம்" என்றார். சிரிப்பு கிளம்பியது. பூசணி மறுபடி நூறு ரூபாயிலிருந்து ஆரம்பித்து, எழுநூற்றுக்கோ என்னவோ ஒரு கங்காணியின் மருமகளுக்குப் போனது. தம்பியின் ஐயாயிரத்தைக் காணிக்கைப் பெட்டியில் போடச் சொன்னோம்.

கோத்தகிரி அக்கா, அடுத்த ஆகஸ்டுக்கு விஞ்ஞானம் எடுக்க ஆள் வேண்டுமா? எங்கள் சபையில் தமிழ் மீடியத்தில் பாடம் நடத்திய இரண்டு பேர் இருக்கிறார்கள். பாஸ்போர்ட்தான் இன்னும் எடுக்கவில்லை.