மேற்குச் சுவர் எக்ஸாஸ்ட் ஃபேன் சூட்டை வெளியேற்றவில்லை; சப்ளை ஃபேன் எங்கே, எப்படிப் பொருத்துவது?

பல்லடம்_தையல்:
வணக்கம். பல்லடம் அருகே சிறிய தையல் கூடம் நடத்துகிறேன். அயர்னிங் பிரிவு 30க்கு 20 அடி; மேலே சிமெண்ட் ஷீட், சுவர் 8 அங்குல ஹாலோ பிளாக். மேற்குச் சுவரில் 9 அடி உயரத்தில் 18 அங்குல எக்ஸாஸ்ட் ஃபேன் இரண்டு இருக்கின்றன. சித்திரையில் ஓரளவு இழுத்தன. ஆனி பிறந்ததிலிருந்து நீராவியும் சூடும் உள்ளேயே சுற்றுகின்றன. சுவிட்சை அணைத்தால் இறக்கை எதிர்ப்பக்கமாகச் சுழல்கிறது. ஆங்கர் போல்ட்டுகளும் ஆடத் தொடங்கிவிட்டன. கிழக்கே, வெளிக்காற்றை உள்ளே தள்ளும் சப்ளை ஃபேன் ஒன்று வைக்கச் சொல்கிறார் எலக்ட்ரீஷியன். அதைச் சுவரின் உட்பக்கம் பொருத்துவதா, வெளிப்பக்கமா? ஷட்டர் எந்தப் பக்கம்?

சூடு_தாங்கி:
24 அங்குல ஃபேனாக மாற்றிவிடுங்கள், தீர்ந்தது.

காற்றுவழி:
தீராது. ஃபேனில் குறையில்லை, ஆனி, ஆடியில் மேற்கிலிருந்து வீசும் பாலக்காட்டுக் கணவாய்க் காற்றுக்கு எதிரே அதை நிறுத்தியிருக்கிறார்கள். உங்கள் பகுதியில் ஏன் இத்தனை காற்றாலைகள் என்று யோசித்துப் பாருங்கள். இறக்கை வகை ஃபேன் எதிர் அழுத்தத்தைத் தாங்காது. பெட்டியில் அச்சிட்டிருக்கும் காற்றளவு, தடையே இல்லாத இடத்தில் எடுத்தது. எதிர்ப்பக்கம் சுழலும் இறக்கையை நிறுத்தித் திருப்ப வேண்டியிருப்பதால் மோட்டார் கிளம்பும்போதே திணறும்.

மூன்றாவது ஃபேன் வாங்காதீர்கள். இருக்கும் இரண்டையும் கழற்றி, கிழக்குச் சுவரில் கூரைக்குச் சற்றுக் கீழே பொருத்துங்கள். மேற்கே, மேசை மட்டத்தில் காற்று நுழையத் திறப்பு விடுங்கள். ஆடியில் காற்று தானாக உள்ளே தள்ளும். பங்குனியில் எக்ஸாஸ்ட் இழுத்துக்கொள்ளும். 18 அங்குல வளையத்தின் பரப்பு சுமார் 1.8 சதுர அடி. இரண்டுக்கும் சேர்த்து நுழைவழி குறைந்தது 7 சதுர அடியாவது வேண்டும். கம்பி வலை அடித்தால் அதற்கும் சேர்த்துக் கூட்டுங்கள். வலையில் பஞ்சுத் தூசி படியும், வாரம் ஒருமுறை துடைக்காவிட்டால் பாதி அடைத்துவிடும்.

ஷட்டர் கேள்விக்கு: தானாகத் திறக்கும் தகடு ஷட்டர் எக்ஸாஸ்டுக்கு வெளிப்பக்கம்தான். சப்ளை ஃபேனுக்கு அதையே வெளியே மாட்டினால், ஃபேன் இழுக்க இழுக்கத் தகடு இறுக மூடிக்கொள்ளும். சப்ளைக்கு அது உட்பக்கம் இருக்க வேண்டும். இன்னொன்று: எக்ஸாஸ்டைச் சப்ளையாக்க விரும்புகிறவர்கள் மோட்டார் சுழற்சியை மாற்றுகிறார்கள். இறக்கையின் வளைவு ஒருபக்கத்துக்கானது, காற்று வெகுவாகக் குறையும். ஃபேனையே திருப்பி மாட்ட வேண்டும்.

வெல்டிங்_பட்டறை:
ஆங்கர் ஆடுவதற்குக் காரணம் பிளாக்கின் வெற்றிடம். போல்ட் பிடிக்க உள்ளே எதுவும் இல்லை. திறப்பின் அளவுக்கு எல்-ஆங்கிள் சட்டம் வெல்டிங் செய்து, ஹோல்டு ஃபாஸ்ட்டை (சட்டத்தைச் சுவரோடு பிடிக்கும் இரும்புப் பட்டை) பிளாக் குழிக்குள் விட்டுக் கான்கிரீட் நிரப்புங்கள். நன்றாக இறுகிய பிறகே ஃபேனைச் சட்டத்தில் மாட்டுங்கள், இடையில் ரப்பர் வாஷர் வையுங்கள். வளையத்துக்கும் சட்டத்துக்கும் நடுவே இடைவெளி இருந்தால் தகடு அடித்து மூடுங்கள். இல்லாவிட்டால் தள்ளிய காற்றே அந்த வழியாகத் திரும்பி வரும். உட்பக்கம் மாட்டுங்கள் அண்ணா, எண்ணெய் விட ஏணியைத் தெருவுக்குத் தூக்க வேண்டாம். வெளியே சன்ஷேடும், அடிப்பகுதி வெளிப்புறம் சரிவாகவும் இருக்கட்டும். ஐப்பசி மழை கிழக்கிலிருந்துதான் அடிக்கும்.

பல்லடம்_தையல்:
மிக்க நன்றி. கிழக்கே பக்கத்துக் காம்பவுண்ட் 6 அடி உயரம்தான், இடையூறு இல்லை. மேற்கில் ஃபேன் கழற்றிய இரண்டு ஓட்டைகளையே நுழைவழியாக விட்டுவிடலாமா? புதிதாக உடைக்கும் வேலை மிச்சமாகும்.

காற்றுவழி:
வேண்டாம். 9 அடியில் நுழைகிற காற்று கூரையை ஒட்டியே ஓடி எதிரே இருக்கும் ஃபேன் வழியாக வெளியேறிவிடும். இஸ்திரி போடுகிறவருக்கு ஒன்றும் கிடைக்காது. பரப்பும் பாதிதான். அவற்றை அடைத்துவிட்டு, 3 அடி உயரத்தில் 4க்கு 2 அடியில் ஒரே திறப்பு வையுங்கள். புழுதி நாட்களில் மூட ஒரு தகடு கதவும் போதும். நீராவிக் குழாய் அந்தச் சுவரில் போகிறதா என்று உடைக்கும் முன் பார்த்துக்கொள்ளுங்கள்.