2021 மஹிந்திரா தார் வாங்கலாமா? மூட்டுவலி உள்ள அம்மாவை வைத்துக்கொண்டு?

தோட்டத்துக்காரன்:
பொள்ளாச்சிப் பக்கம் தோட்டம். மழை பெய்தால் கடைசி ஒரு கிலோமீட்டர் வெறும் சேறு, இப்போது இருக்கும் கார் அங்கே போகாது. 2021 மஹிந்திரா தார் ஒன்று விலைக்கு வந்திருக்கிறது, டீசல், ஹார்டு டாப், ஃபோர் வீல் டிரைவ். ஓட்டிப் பார்த்ததிலிருந்து மனசு அதிலேயே நிற்கிறது. வீட்டில் நான், மனைவி, பையன், மூட்டுவலிக்கார அம்மா. வைத்திருப்பவர்கள் உள்ளதைச் சொல்லுங்கள்.

மலைக்காற்று:
நாலு வருஷமாக வைத்திருக்கிறேன். முதலில் அம்மா விஷயம். பின்சீட்டுக்குத் தனிக் கதவு கிடையாது. முன்சீட்டை மடக்கித் தள்ளிவிட்டு அந்த இடுக்கில் காலை விட்டு குனிந்து ஏற வேண்டும். என் மாமியார் ஒரே ஒரு முறை ஏறினார், சேலை எதிலோ மாட்டி, ஏறவும் முடியாமல் இறங்கவும் முடியாமல் நின்றார், அதோடு கோயிலுக்கு ஆட்டோதான். அம்மாவை முன்னால் உட்கார வையுங்கள், ஃபுட் ஸ்டெப் மாட்டுங்கள். பின்னால் போகிறவருக்கு அந்த வருஷ வண்டியில் ஏசி வென்ட் இல்லை என்பதையும் இப்போதே சொல்லிவிடுங்கள்.

அப்புறம் சில்லறை விஷயங்கள். டீசல் மூடி சாவி போட்டால்தான் திறக்கும், ஒவ்வொரு முறையும் பங்க்கில் சாவியை உருவிக் கொடுக்கணும். ஜன்னல் கண்ணாடி ஸ்விட்ச் கதவில் இல்லை, நடுவில் இருக்கிறது, செக்போஸ்ட்டில் என் கை இன்னும் கதவைத்தான் தடவுகிறது. பின்கதவு ஸ்டெப்னியோடு பக்கவாட்டில் திறக்கும், சுவரை ஒட்டி ரிவர்ஸில் நிறுத்தினால் திறக்க முடியாது.

ஊர்சுற்றி:
தார் ராக்ஸ் பாருங்களேன், 2024இல் வந்தது, ஐந்து கதவு.

செம்மண்:
கியர் ராடு பக்கத்தில் இருக்கிற அந்த ரெண்டாவது ராடைப் பற்றி யாரும் பேசவில்லையே. டூ ஹெச் (பின்சக்கரங்களுக்கு மட்டும் இழுவை), ஃபோர் ஹெச் (நாலு சக்கரத்துக்கும்), நியூட்ரல், ஃபோர் எல் (நாலு சக்கரத்துக்கும், வேகம் குறைவு, இழுவை அதிகம்). காய்ந்த ரோட்டில் ஃபோர் ஹெச் போடவே கூடாது. முன்னும் பின்னும் வேறு வேறு வேகத்தில் சுற்றவிடும் டிஃபரன்ஷியல் நடுவில் இல்லாததால் முன் ஆக்ஸிலும் பின் ஆக்ஸிலும் ஒரே வேகத்தில்தான் சுற்றும், திரும்பும்போது முன்சக்கரங்கள் கூடுதல் தூரம் போக வேண்டுமே, அதற்கு வழியில்லாமல் டயர் தேயும், ஷாஃப்ட் முறுக்கிக்கொள்ளும். வாங்கிய புதிதில் வால்பாறை மழையில் போட்டவன், 40 கொண்டை ஊசி வளைவும் இறங்கி ஆழியாறு தாண்டியும் எடுக்க மறந்துவிட்டேன். வீட்டு வாசலில் திருப்பும்போது யாரோ பின்னால் பிடித்து இழுப்பது மாதிரி வண்டி துள்ளியது. தப்பு முழுக்க என்னுடையது.

பழைய வண்டி என்பதால் ஒரு மண் தடத்துக்குக் கொண்டுபோய், வண்டியை நிறுத்தி, கியரை நியூட்ரலில் வைத்து ஃபோர் எல் விழுகிறதா என்று பாருங்கள். டவுனிலேயே ஓட்டியவர்கள் பலர் அந்த ராடைத் தொட்டதே இல்லை. 650 மி.மீ. தண்ணீர் வரை இறங்கலாம் என்று கம்பெனி சொல்கிறது, அதற்காக ஓடுகிற ஓடையில் இறங்காதீர்கள். சேறு பட்டால் கால்மிதியை எடுத்துவிட்டு உள்தரையைக் கழுவிவிடலாம், வடிய ஓட்டை உண்டு.

தோட்டத்துக்காரன்:
ராக்ஸ் பட்ஜெட்டில் வராதுங்க. முன்சீட் தனக்கு என்றதும் அம்மா உடனே வாங்கச் சொல்லிவிட்டார். ஏசி விஷயத்தை மனைவியிடம் இன்னும் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை மண் தடத்தில் ஃபோர் எல் போட்டுப் பார்த்துவிட்டு வந்து எழுதுகிறேன்.