புதுசா வந்த நாய் ரெண்டு நாளா சாப்பிடல, அவசரம்

தயிர்வடை: ஞாயித்துக்கிழமை அடாப்ட் பண்ணி கூட்டிட்டு வந்தோம், வாசல்ல கெடக்குற மிதியடிய விட்டு நகரவே மாட்டேங்குது, சாப்பாடு வெச்சா மோந்துகூட பாக்கல, ராத்திரி பூரா அழுகை, கீழ்வீட்டு ஆன்ட்டி ரெண்டு தடவ பெல் அடிச்சிட்டாங்க. என்ன பண்றது சீக்கிரம் சொல்லுங்க ப்ளீஸ்

மாடிவீட்டுக்காரன்: என்ன நாய், என்ன வயசு, எங்கேர்ந்து எடுத்தீங்க? தண்ணியாச்சும் குடிக்குதா?

ஒண்டிக்கட்டை: டிக் ஃபீவரேதான். எங்க வீட்டுல இப்படித்தான் ஆரம்பிச்சுது. ஈறு வெளுத்திருக்கா, காதுக்குள்ள உண்ணி இருக்கான்னு பாருங்க. தொட்டா சுடுதேன்னு பயப்படாதீங்க, நாய்க்கு 101, 102 நார்மல், 103 தாண்டுனா டாக்டர்கிட்ட ஓடிருங்க.

குழுப்பெருசு: 3-3-3 பத்தி இங்க நூறு தடவ எழுதியாச்சு, தேடிப் படிக்கத்தான் ஆளில்ல. பயம் தெளிய 3 நாள், வீட்டு வழக்கம் பிடிபட 3 வாரம், நம்ம வீடுதான்னு ஒட்டிக்க 3 மாசம். இதுகூட தெரியாம ஏன் தம்பி நாய் எடுக்க கெளம்புறீங்க?

தயிர்வடை: தம்பி இல்லீங்க, தங்கச்சி. நாட்டு நாய், பொட்ட, ஒரு வயசு இருக்கும்னாங்க. தெருவுல பின்னங்கால் அடிபட்டு ஷெல்டர்ல இருந்துது, இப்ப ஆறிடுச்சு. தண்ணி குடிக்குது. ஈறு பிங்க்காதான் இருக்கு.

பழையசோறு: பாக்கெட் தீனி வெச்சிருப்பீங்க. தயிர்சாதம் பெசஞ்சு போடுங்க, எங்க தாத்தா அதுலயே 14 வருஷம் வளத்தாரு.

ஒண்டிக்கட்டை: வெறும் தயிர்சாதத்துல புரோட்டீன் எங்கேர்ந்து வரும்? கோழி வேகவெச்சு குடுங்க, வெங்காயம் பூண்டு கூடவே கூடாது.

பழையசோறு: தாத்தா காலத்து நாய்ங்கல்லாம் புரோட்டீன் கணக்கு பாத்துதாங்களா??

குழுப்பெருசு: இந்த சண்டைய வேற இழைல வெச்சுக்கோங்க.

கம்பங்கூழு: அந்த மிதியடிதான் எனக்கு இடிக்குது. உங்க வீட்டுத் தரை டைல்ஸா? மண்ணுல ஓடுன நாய்க்கு வழவழ தரையில நகம் பிடிக்காது, கால் வழுக்கும், ஏற்கனவே அடிபட்ட காலு வேற. மிதியடிலேர்ந்து தட்டு வரைக்கும் கோணிச்சாக்கு விரிச்சுப் பாருங்க. குனிஞ்சு கூப்பிடாதீங்க, நேரா மூஞ்சியவும் பாக்காதீங்க, அதுக்கு முதுகு காட்டி சும்மா உக்காருங்க. ராத்திரி யாராச்சும் ஹால்லயே படுங்க, அழுகை குறையும்.

தயிர்வடை: டைல்ஸ்தான், போன வருஷம்தான் போட்டோம். சாக்குக்கு எங்க போவேன், அரிசிக்கடையில கேக்குறேன்

மாடிவீட்டுக்காரன்: என்னாச்சு தங்கச்சி? ஒரு நாளாச்சு.

தயிர்வடை: சாக்கு மேலயே நடந்து வந்து ரெண்டு முட்டை தின்னுடுச்சு!! அப்புறம் அதுலயே ஒண்ணுக்கும் போயிடுச்சு. அலசப் போறேன், அப்புறம் வரேன்

பழையசோறு: முட்டை வேகவெச்சதா பச்சையா?

ஒண்டிக்கட்டை: ஆரம்பிச்சிட்டாருய்யா