புதுப்பிப்பு: ‘ஸ்கூல்’ பயிற்சியில் ஒரு திருத்தம்

பல நாட்டு மாணவர்கள் சேர்ந்து படிக்கும் ஆங்கில வகுப்பில், ‘ஸ்கூல்’ போல நடுவில் உயிரொலி இல்லாமல் மெய்யொலிகள் ஒட்டிவரும் சொற்களுக்கு எல்லோருக்கும் ஒரே பயிற்சி போதும் என்று முன்பு எழுதியிருந்தேன். போதாது. ஸ்பானிஷ் பேசுபவர் முன்னால் உயிரொலி சேர்த்து ‘எஸ்கூல்’ என்பார், நம்மூர் ‘இஸ்கூல்’ மாதிரியேதான். ஜப்பானியர் நடுவிலும் கடைசியிலும் செருகுவார்: ‘டிரீம்’ (dream) அவர் வாயில் ‘டொரீமு’.

முதல் வகைக்கு, ‘ஸ்’ஸில் முடியும் சொல்லை முன்னால் வையுங்கள்: ‘பஸ் ஸ்டாப்’. ‘பஸ்ஸ்ஸ்’ என்று இரண்டு விநாடி இழுத்து, நிறுத்தாமல் ‘டாப்’. பத்து முறை ஆனதும் ‘ப’வை மனதுக்குள் மட்டும் சொல்லச் சொல்லுங்கள். வெறுமனே “எ வேண்டாம்” என்றால் ‘எஸ்டேட்’டும் ‘ஸ்டேட்’ ஆகிவிடும். இரண்டையும் ஜோடியாகக் கேட்டுப் பிரித்தறியப் பழக்குங்கள்.

ஜப்பானியரை, சொல்லும்போதே ஒவ்வொரு உயிரொலிக்கும் ஒருமுறை மேசையில் கையால் தட்டச் சொல்லுங்கள். ‘டிரீம்’ ஒரே தட்டு; இரண்டாவது விழுந்தால் உயிரொலி நுழைந்துவிட்டது.