பாட்டில் நிறைய, ரேடியேட்டர் காலி

குழு: பெரிய வீட்டுச் சொந்தங்கள்
ஞாயிறு

நான் (காலை 9:42): ஆழியாறு செக்போஸ்ட் தாண்டி வால்பாறைக்கு ஏறிக்கொண்டிருந்தோம். 9-வது கொண்டை ஊசி வளைவில், லோம்ஸ் வியூ பக்கம் ஓரம் கட்டிவிட்டேன். டெம்பரேச்சர் ஊசி சிவப்பைத் தொட்டுவிட்டது. பானெட் இடுக்கில் லேசாக ஆவி. மச்சான், இருக்கிறீர்களா?

அக்கா (9:43): ஐயோ. அம்மா, குழந்தைகள்?

நான் (9:43): எல்லோரும் இறங்கி வரையாடு பார்க்கிறார்கள். வளைகாப்புச் சீர்த்தட்டோடு ரோட்டோரம் நிற்கிறோம். குரங்கு ஒன்று வளையல் டப்பாவையே பார்த்துக்கொண்டிருக்கிறது.

பெரியப்பா (9:44): ரேடியேட்டர் மூடியைத் திறந்து தண்ணீர் ஊற்று. சரியாகிவிடும்.

மச்சான் (9:44): திறக்காதே

மச்சான் (9:44): மாப்ளே, மூடியில் கை வைக்காதே. முதலில் இன்ஜினை ஆஃப் செய்தாயா?

நான் (9:45): செய்துவிட்டேன்.

மச்சான் (9:46): நல்லது. பெரிய மாமா, கோபித்துக்கொள்ளாதீர்கள். உள்ளே கிட்டத்தட்ட 1 பார் அழுத்தம் இருக்கும். அந்த அழுத்தத்தால்தான் 100 டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் நிற்கிறது. மூடியைத் திறந்த நொடியில் அத்தனையும் கொதித்து முகத்துக்கு வரும். எங்கள் ஒர்க்‌ஷாப்பில் ஒரு பையனுக்கு முழங்கை வரை தோல் உரிந்தது, நான் பக்கத்தில் நின்று பார்த்தேன்.

பெரியப்பா (9:48): நாங்கள் துணியைச் சுற்றித் திறப்போம். அந்தக் காலத்தில் மலைப்பாதையில் வளைவுக்கு வளைவு தண்ணீர்த் தொட்டி இருக்கும். சாக்கை நனைத்து முன்னால் கட்டிக்கொண்டு ஏறுவோம்.

மச்சான் (9:49): மாப்ளே, குறைந்தது 40 நிமிஷம் ஆறட்டும். மேலே தண்ணீரும் அடிக்காதே. சூட்டில் பச்சைத்தண்ணீர் பட்டால் இன்ஜினின் மேல்பகுதி, அதாவது ஹெட், விரிசல் விடும். அதுவரை நான் கேட்பதற்குப் பதில் சொல். நிற்பதற்கு முன் ஹீட்டர் போட்டுப் பார்த்தாயா?

நான் (9:51): நீங்கள் போன தீபாவளிக்குச் சொன்னது ஞாபகம் வந்தது. ஏசியை ஆஃப் செய்துவிட்டு ஹீட்டரை முழுசாகத் திறந்தேன். சூடே வரவில்லை, வெளிக்காற்று மாதிரிதான் வந்தது.

மச்சான் (9:52): அப்படியானால் பாதி விஷயம் தெரிந்துவிட்டது. ஹீட்டர் என்பது டேஷ்போர்டுக்குள் இருக்கும் குட்டி ரேடியேட்டர். இன்ஜின் கொதிக்கும்போது அதில் அனல் வீச வேண்டும். வரவில்லை என்றால் கூலன்ட், அதாவது இன்ஜினைக் குளிர்விக்கிற திரவம், அங்கே போய்ச் சேரவில்லை. ஒன்று குறைந்திருக்கிறது, இல்லை பம்ப் சுற்றவில்லை.

நான் (9:53): குறைய வாய்ப்பே இல்லை மச்சான். வாரா வாரம் பார்க்கிறேன். இதோ பாருங்கள், ரேடியேட்டர் பக்கத்து கூலன்ட் பாட்டில் நிறைய இருக்கிறது.

நான் (9:53): 📷 படம்

மச்சான் (9:55): மேல் கோட்டையும் தாண்டி வாய்வரை நிற்கிறதே. எத்தனை நாளாக இப்படி?

நான் (9:56): இரண்டு மூன்று மாதமாகவே மேல் கோட்டுக்குக் கீழே இறங்கவில்லை. நல்லதுதானே என்று விட்டுவிட்டேன்.

மச்சான் (9:56): அதுதான் கெட்டது. சரி, பொறு.

பெரியப்பா (9:58): தெர்மோஸ்டாட்டாக இருக்கும். கழற்றித் தூரப் போடச் சொல். நம் ஊர் வெயிலுக்கு அது எதற்கு? என் பழைய வண்டியில் அப்படித்தான் செய்தார்கள்.

மச்சான் (10:01): அதனால்தான் அந்த வண்டி மைலேஜே கொடுக்கவில்லை மாமா. தெர்மோஸ்டாட் இல்லாவிட்டால் இன்ஜின் சூடேறவே நேரமாகும், பெட்ரோலைக் கூடுதலாகக் குடிக்கும். சாதாரணமாக 82 டிகிரிக்கு மேல் திறந்து கூலன்டை ரேடியேட்டருக்கு விடுகிற ஒரு கதவு அது, அவ்வளவுதான். சந்தேகம் இருந்தால் சட்டியில் தண்ணீர் கொதிக்கவிட்டு உள்ளே போட்டுப் பார்க்கலாம், திறப்பது கண்ணுக்கே தெரியும். திறக்காவிட்டால் புதிது போட வேண்டும். கழற்றிவிட்டு ஓட்டுவது வைத்தியம் இல்லை.

தங்கச்சி (10:04): மாமா, நடுவில் நான் ஒன்று கேட்கட்டுமா? என் வண்டி வேளச்சேரி சிக்னலில் நின்றால் ஊசி ஏறுகிறது. கிளம்பி வேகம் எடுத்தால் இறங்கிவிடுகிறது.

மச்சான் (10:06): உன்னுடையது வேறு கதை. ஓடும்போது எதிர்க்காற்று குளிர்விக்கிறது, நிற்கும்போது ரேடியேட்டர் ஃபேன்தான் குளிர்விக்க வேண்டும். ஏசி போட்டால் ஃபேன் ஓடுகிறதா பார். பானெட்டைத் திறந்து பார்க்கும்போது கையை உள்ளே விடாதே. இன்ஜின் ஆஃப் ஆனாலும் சில வண்டிகளில் திடீரென்று சுற்றும்.

தங்கச்சி (10:15): ஓடுகிறது! ஏசி போட்டதும் சர்ரென்று.

மச்சான் (10:16): அப்படியானால் மோட்டார் நன்றாக இருக்கிறது. சூட்டைப் பார்த்து ஃபேனைக் கூப்பிடுகிற சென்சார், இல்லை அதன் ஒயர், ரிலே, இதில் ஏதோ ஒன்று. சரி செய்யும்வரை டிராஃபிக்கில் ஏசி போட்டே ஓட்டு.

தங்கச்சி (10:17): தெருமுனை மெக்கானிக் சென்சார் இல்லாமல் ஃபேனுக்கு நேராகவே கரன்ட், 'டைரக்ட்' கொடுத்துவிடலாம் என்றார்.

மச்சான் (10:17): அவரிடம் போகாதே.

நான் (10:31): மச்சான், ரேடியேட்டரின் மேல் ஹோஸை, அந்த ரப்பர் குழாயை, தொட்டுப் பார்த்தேன். கை பொறுக்கிற சூடுதான்.

மச்சான் (10:32): அமுக்கிப் பார். விறைப்பாக இருந்தால் இன்னும் அழுத்தம் இருக்கிறது.

நான் (10:33): தொளதொள என்று இருக்கிறது.

மச்சான் (10:34): இப்போது தடித்த துணியைப் போட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு, கால் சுற்று மட்டும் திருப்பு. உஸ் என்ற சத்தம் நின்ற பிறகு அமுக்கி முழுசாகத் திற.

நான் (10:37): உஸ் என்றுகூட வரவில்லை. உள்ளே தண்ணீரே தெரியவில்லை! கழுத்துக்குக் கீழே வெறும் இருட்டு. பாட்டில் ததும்புகிறது, ரேடியேட்டர் காலி. எப்படி?

மச்சான் (10:38): மூடியைத் தலைகீழாகப் பிடித்துப் படம் எடு.

நான் (10:39): 📷 படம்

மச்சான் (10:42): ரப்பர் வளையத்தைப் பார், பழைய செருப்பு மாதிரி பிளந்திருக்கிறது. சூடாகும்போது கூலன்ட் விரியும், மிஞ்சியது மூடி வழியாகப் பாட்டிலுக்குப் போகும். ஆறும்போது அதே வழியில் திரும்ப உறிஞ்ச வேண்டும். உன் மூடி வெளியே அனுப்புகிறது, ஆறும்போது பிளவு வழியாகக் காற்றை இழுத்துக்கொள்கிறது. ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கொஞ்சமாக ரேடியேட்டரில் இருந்தது பாட்டிலுக்கு வந்து, அங்கிருந்து வழிந்து ரோட்டுக்குப் போயிருக்கிறது. சமவெளியில் சமாளித்தது. மலையில் இரண்டாவது கியரில் ஐந்து பேரோடு ஏறும்போது மாட்டிக்கொண்டது. அழுத்தமும் நிற்காததால் சீக்கிரமே கொதித்துவிட்டது.

அக்கா (10:43): ஒரு மூடியா!

நான் (10:44): மூன்று வருஷமாக அந்த மூடியை நான் திறந்ததே இல்லை.

மச்சான் (10:45): குடிக்கிற தண்ணீர் எவ்வளவு இருக்கிறது? மெதுவாக ஊற்று. பிறகு மூடாமலேயே ஸ்டார்ட் செய்து, ஹீட்டரைத் திறந்து வைத்து, குமிழி வருவது நிற்கும்வரை ஊற்றிக்கொண்டே இரு. ஹோட்டல் போர் தண்ணீர் மட்டும் வேண்டாம், உப்புப் படியும்.

நான் (11:02): ஒன்றரை லிட்டர் குடித்தது. ஹீட்டரில் இப்போது அனல் அடிக்கிறது. குமிழி நின்றுவிட்டது. மூடியைப் போட்டுவிட்டேன்.

நான் (11:03): மேலே ஏறட்டுமா? இன்னும் 31 வளைவுதான்.

மச்சான் (11:03): கூடாது. அதே கிழிந்த மூடிதானே இருக்கிறது. இறக்கத்தில் இன்ஜினுக்குச் சுமை இல்லை, கியரிலேயே மெதுவாகப் பொள்ளாச்சிக்கு இறங்கு. ஊசியைப் பார்த்துக்கொண்டே வா. அது திடீரென்று கீழே விழுந்தால் சந்தோஷப்படாதே. தண்ணீர் தீர்ந்து சென்சார் ஆவியில் நின்றாலும் அப்படிக் காட்டும்.

அத்தை (11:06): வளைகாப்பு 12 மணிக்கு. சீர் போய்ச் சேர வேண்டாமா?

நான் (11:20): வால்பாறை பஸ்ஸைக் கை காட்டி நிறுத்தினோம். அம்மா, என் மனைவி, குழந்தைகள், தட்டு எல்லாம் ஏறியாகிவிட்டது. கண்டக்டர் வளையல் டப்பாவை மடியில் வைத்துக்கொண்டார். நான் மட்டும் இறங்குகிறேன்.

அத்தை (11:21): 🙏🙏

நான் (மதியம் 1:10): பொள்ளாச்சி வந்துவிட்டேன். ஊசி பாதியிலேயே நின்றது. ஞாயிற்றுக்கிழமையிலும் ஒரு ஸ்பேர்ஸ் கடை திறந்திருந்தது. புது மூடி 300 ரூபாய்கூட இல்லை.

மச்சான் (1:14): பழைய மூடியில் அழுத்த அளவு 0.9 என்றோ 1.1 என்றோ அச்சடித்திருக்கும், அதே எண்தானா பார்த்தாயா? நாளை ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டு வா. தண்ணீரை இறக்கிவிட்டுச் சரியான கூலன்ட் போடலாம். ஒருமுறை கொதித்த இன்ஜின், கூலன்டும் ஆயிலும் கலக்காமல் தடுக்கிற ஹெட் கேஸ்கெட்டையும் பார்த்துவிட வேண்டும். இறக்கிய கூலன்டைச் சாக்கடை ஓரம் கொட்ட மாட்டேன், கேனில் பிடித்துக்கொள்வேன். இனிப்பாக இருக்கும், நாய் நக்கினால் செத்துவிடும்.

திங்கள்

நான் (காலை 11:48): ஆயில் மூடியில் வெண்ணெய் மாதிரி எதுவும் இல்லை. ஆறின இன்ஜினை மூடி திறந்து ஸ்டார்ட் செய்தால் குமிழி கொப்பளிக்கவில்லை. கைப்பம்பு வைத்து அழுத்தம் ஏற்றினார் மச்சான், பத்து நிமிஷமும் முள் அசையவில்லை. கேஸ்கெட் தப்பியது.

அக்கா (11:50): அப்பாடா.

தங்கச்சி (மாலை 6:30): எனக்கு சென்சார்தான், மாமா. மாற்றிவிட்டார்கள். சிக்னலில் ஃபேன் தானாகவே ஓடுகிறது.

பெரியப்பா (இரவு 8:52): மாப்பிள்ளை, டார்ச் அடித்துப் பார்த்தேன். என் புது வண்டி ரேடியேட்டரில் மூடியையே காணோம். திருடிவிட்டார்களா?

மச்சான் (8:55): இல்லை மாமா. உங்கள் வண்டியில் பாட்டிலுக்குத்தான் அழுத்த மூடி, ரேடியேட்டரில் தனியாக இருக்காது. இப்போதுதானே ஓட்டிவிட்டு வந்தீர்கள்? காலையில் ஆறின பிறகு பார்க்கலாம், இப்போது அதைத் திருப்ப வேண்டாம்.

பெரியப்பா (8:56): கை வைக்கவில்லை.

பெரியப்பா (8:56): துணி மட்டும் எடுத்து வந்தேன்.