மகளுக்கு எயார் ரைபிளும் கொம்பிரசரும் வாங்கலாமா? அனுபவமுள்ளவர்கள் சொல்லுங்கள்

வணக்கம் அண்ணாமார், அக்காமார். யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுகிறேன். மகள் 10 மீற்றர் எயார் ரைபிள் (அழுத்திய காற்றால் சுடும் துப்பாக்கி) பழகுகிறாள், நல்ல ஆர்வம். இதுவரை பொதுத் துப்பாக்கிதான். ஆளுக்கு ஆள் மாற்றிப் பூட்டுவதால் கன்னமும் தோளும் அவளுக்கு ஒரே இடத்தில் அமைவதில்லை. பத்துப் புள்ளி தரும் இலக்கின் நடு வெறும் 0.5 மில்லிமீற்றர் பொட்டு; அந்த விளையாட்டில் இது பெரிய விஷயம்.

வால்தர் அல்லது ஃபைன்வெர்க்பாவ் கொம்பனி ரைபிள் எடுக்க யோசிக்கிறோம். அனுமதிப்பத்திரம் கிடைக்காமல் காசு கட்டமாட்டேன்.

குழப்பம் காற்றில்தான். ரைபிளின் காற்றுச் சிலிண்டருக்கு 200 பார் அழுத்தம் வேண்டும். கைப்பம்பு மலிவு, ஆனால் அடித்துக் களைத்த கையோடு அவள் குறிபார்க்க முடியாது. கொம்பிரசர் என்றால், எங்கள் கடற்கரை ஈரக்காற்று உள்ளே போய் வால்வைக் கெடுக்குமோ என்று பயம். நல்ல ஈர வடிகட்டியும் வேண்டும். கடலட்டைக்குச் சுழியோடுகிறவர்களின் சிலிண்டரை நிரப்பி அதிலிருந்து மாற்றலாமா? ஒவ்வொரு தடவையும் அதன் அழுத்தம் இறங்குமே, எத்தனை நாளைக்குத் தாக்குப்பிடிக்கும்?

பாவித்த ரைபிள் ஒன்றும் விலைக்கு வந்திருக்கிறது. சிலிண்டரின் காலாவதித் திகதி கடந்திருந்தால் போட்டியில் விடாமல் போகலாம். புதுச் சிலிண்டர் மட்டும் தனியாக எடுப்பித்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா? கொம்பிரசரைப் பிறகு பார்க்கலாம் என்று விடுவதா, சேர்த்தே வாங்குவதா?